செயலிக்குள் இருக்கும் டேக்குகளுக்குக் கணக்கு வேண்டும்

மாதவிடாய் நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ள உதவும் ‘ஃப்ளோ’ செயலியை உலகெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தியிருக்கிறார்கள். கருவுற்ற பெண் ஒருவர் அதில் தனக்கு எத்தனையாவது வாரம் என்பதைத் தேர்ந்தெடுப்பார். அந்த நொடியிலேயே, அவர் கண்ணில் படாமல், ஒரு சிறு தகவல் ஃபேஸ்புக்கின் சர்வருக்குப் போய்ச் சேரும். அந்தத் தகவலுக்குச் செயலியை உருவாக்கியவர்கள் வைத்திருந்த பெயர் ‘ஆர்_பிரெக்னன்சி_வீக்_சோசன்’. கர்ப்ப வாரம் தேர்வாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள். கூடவே, அந்தக் கைப்பேசியை மற்ற கைப்பேசிகளிலிருந்து பிரித்துக் காட்டும் விளம்பர அடையாள எண்ணும் போகும்.

2019 பிப்ரவரியில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் பல செயலிகளைச் சோதித்துப் பார்த்து இந்த விவகாரத்தை வெளிக்கொண்டுவந்தது. செய்தி வந்த பிறகுதான் ஃபேஸ்புக்குக்குத் தகவல் போவது நின்றது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்தபோது, 2016 முதலே ஃபேஸ்புக், கூகுள், ஃப்ளர்ரி உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு இப்படித் தகவல் போயிருந்தது தெரிந்தது. அந்தக் காலம் முழுக்க, உடல்நலத் தகவல்களை ரகசியமாக வைத்திருப்போம் என்றுதான் செயலி தன் பயனர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. 2021-ல் ஃப்ளோ கமிஷனுடன் உடன்பாட்டுக்கு வந்தது. அதில் அபராதம் எதுவும் இல்லை. பயனர்களிடம் நடந்ததைத் தெரிவிக்க வேண்டும், தகவலைப் பெற்றவர்களிடம் அதை அழிக்கச் சொல்ல வேண்டும், இனிமேல் சம்மதம் கேட்டுத்தான் பகிர வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யாரும் சர்வருக்குள் புகுந்து எதையும் திருடவில்லை. கடவுச்சொல் கசியவில்லை. செயலியை எழுதிய குழுவிலேயே ஒருவர் உட்கார்ந்து, எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன பெயரில் தகவல் போக வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த முடிவு ஒரு வரி நிரலாகச் செயலிக்குள் போனது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் அப்படியே வேலை செய்தது.

இப்படித் தகவல் அனுப்பும் வரிகளை இணையத் தொழிலில் இருப்பவர்கள் டேக் என்பார்கள், ஈவென்ட் என்பார்கள். ஃபேஸ்புக் கொடுப்பதற்குப் பிக்சல் என்று பெயர். கைப்பேசிச் செயலி என்றால் எஸ்டிகே என்ற தொகுப்பை உள்ளே சேர்த்துவிடுவார்கள். இவற்றில் ஒரு வகை தானாக நடப்பது. பக்கம் திறந்தது, எவ்வளவு தூரம் கீழே உருட்டினார்கள், எந்த ஊர்ப் பக்கமிருந்து வந்தார்கள் என்பதையெல்லாம் கருவியே குறித்துக்கொள்ளும். இன்னொரு வகை, தளத்தை நடத்துபவர் தாமே பெயர் வைத்துச் சேர்ப்பது. கஸ்டம் ஈவென்ட் என்பது இதைத்தான். கூகுளின் ஃபயர்பேஸ் கருவியில் ஓர் ஈவென்ட்டுக்கு 40 எழுத்துகள் வரை பெயர் வைக்கலாம். அதனுடன் 25 துணை விவரங்களை இணைக்கலாம். எந்த மருந்து, என்ன விலை, எந்தப் பிரிவு என்று எதை வேண்டுமானாலும் அங்கே எழுத முடியும். எழுதக் கூடாது என்று கூகுளின் விதிமுறைகள் தடுப்பவை உண்டு. மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை அனுப்பக் கூடாது. ஆனால், பெயர்ப் பெட்டிக்கு எதை எழுதினாலும் ஒன்றுதான்.

இந்த வேலையை மென்பொருள் எழுதத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும் என்ற நிலையும் மாறிவிட்டது. 2012-ல் கூகுள் ‘டேக் மேனேஜர்’ என்ற இலவசக் கருவியை வெளியிட்டது. தளத்தில் அதை ஒருமுறை பொருத்திவிட்டால் போதும். அதற்குப் பிறகு விளம்பரப் பிரிவில் இருப்பவரே உலாவியில் உட்கார்ந்தபடி புதுப்புது டேக்குகளைச் சேர்க்கலாம். எந்தப் பொத்தான் என்று காட்டி, ஒரு பெயர் கொடுத்து, ‘பப்ளிஷ்’ என்பதை அழுத்தினால் அடுத்த நிமிடம் அது எல்லா வாடிக்கையாளர்களின் திரையிலும் வேலை செய்யத் தொடங்கிவிடும். டெவலப்பரைக் கேட்க வேண்டாம், சோதனைக் குழுவுக்கு அனுப்ப வேண்டாம். விற்பனைக்கு இந்த வேகம் பெரிய வசதி. அதே வேகத்தில்தான் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கும் தலைமைக்கும் தெரியாமலேயே வாடிக்கையாளரின் தகவல் வெளியே போகும் புதிய வழி ஒன்று திறந்துவிடுகிறது.

டேக்குகளே கூடாது என்று சொல்வது நேர்மையான வாதமாக இருக்காது. ஓர் அரசுச் சேவைத் தளத்தில் விண்ணப்பிக்க வருபவர்களில் பெரும்பாலோர் ஓடிபி கேட்கும் திரையிலேயே நின்றுவிடுகிறார்கள் என்றால், அதைத் தளத்தை நடத்துபவருக்குச் சொல்வது ஒரு டேக்தான். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவர்கள் நடுவழியில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள் என்றால், மொழிபெயர்ப்பில் எந்த இடம் புரியவில்லை என்று கண்டுபிடிக்க அதுவே உதவும். கட்டணம் கட்டும் பொத்தான் பழைய கைப்பேசிகளில் வேலை செய்யாததைப் புகார் வரும் முன்பே அது காட்டிக்கொடுக்கும். இதற்கெல்லாம் தேவைப்படுவது எத்தனை பேர், எந்தத் திரை என்ற எண்ணிக்கை. யார், என்ன நோய், எத்தனையாவது மாதம் என்ற விவரம் இந்த எதற்குமே தேவைப்படாது.

பிரச்சினையின் வேர் பெயர் வைக்கும் இடத்தில் இருக்கிறது என்பதை இன்னொரு வழக்கு தெளிவாகக் காட்டியது. கருமுட்டை வெளிப்படும் நாட்களைக் கணிக்கும் ‘பிரீமம்’ செயலி மீது 2023 மே மாதம் அதே கமிஷன் நடவடிக்கை எடுத்தது. ‘ஈவென்ட் 1’ என்பதுபோல எதையும் காட்டிக்கொடுக்காத பெயர்களை வைத்திருக்கலாமே, ஏன் விளக்கமான பெயர்களை வைத்தீர்கள் என்று கமிஷனின் புகார் மனு குறிப்பிட்டுக் கேட்டது. கருவுறுதல் பற்றிய பதிவுக்கு ‘லாக்ஃபெர்ட்டிலிட்டி’ என்ற சொல்லை உள்ளடக்கிய பெயர் கூகுளுக்குப் போயிருந்தது. பெயரைப் படித்தாலே, கைப்பேசியை வைத்திருக்கும் பெண் கருத்தரிக்க முயல்கிறார் என்று யாருக்கும் தெரிந்துவிடும். நிறுவனம் 1 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கனெக்டிகட், ஓரிகான், தலைநகர் வாஷிங்டன் ஆகிய மூன்று அரசுகளுக்கும் சேர்த்து இன்னொரு லட்சம். தொகை சிறியதுதான். ஆனால், ஈவென்ட்டின் பெயரே தகவல் வெளியீடு என்று ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு எழுத்தில் வைத்தது முக்கியமானது.

அதே ஆண்டு பிப்ரவரியில், மருந்துத் தள்ளுபடிக் கூப்பன் தரும் ‘குட்ஆர்எக்ஸ்’ நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. இதய நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வாங்கியவர்களின் பட்டியலை அது 2019-ல் தயாரித்து, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், விளம்பர அடையாள எண் ஆகியவற்றை ஃபேஸ்புக்கில் ஏற்றி, அவர்களுக்கென்றே விளம்பரம் காட்டியதாகக் கமிஷன் சொன்னது. காசு மிச்சம் பிடிக்கத்தான் நோயாளிகள் அந்தத் தளத்துக்கு வந்தார்கள். தாங்கள் சாப்பிடும் மாத்திரை இன்னொருவரின் விளம்பரச் சரக்காகும் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பெயர்களை விடுங்கள், முகவரிகளைச் சங்கேதமாக மாற்றித்தான் அனுப்புகிறோம் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. ஹேஷ் என்பார்கள். மின்னஞ்சல் முகவரி எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசையாக மாறிவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால், பெறுகிற நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான முகவரிகளை அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தால், எது யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். மனநல ஆலோசனை தரும் ‘பெட்டர்ஹெல்ப்’ விஷயத்தில் நடந்தது இதுதான். ஆலோசனை தேடி வந்தவர்களின் முகவரிகள் இப்படி மாற்றப்பட்டு ஃபேஸ்புக்குக்குப் போயின. ஃபேஸ்புக் அவற்றைத் தன் கணக்குகளுடன் பொருத்திக்கொண்டது. 78 லட்சம் டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஹேஷ் செய்துவிட்டோம் என்று இனி ஒரு நிறுவனம் சொன்னால், அதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

செயலிகள் மட்டும் இப்படி என்று நினைத்தால் அதுவும் தவறு. ‘தி மார்க்அப்’ என்ற அமெரிக்கப் புலனாய்வு இதழ் 2022-ல் அந்நாட்டின் முன்னணி மருத்துவமனைகளில் 100-ஐ எடுத்து அவற்றின் இணையதளங்களைச் சோதித்தது. 33 தளங்களில், நோயாளி டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் பக்கத்திலேயே ஃபேஸ்புக்கின் பிக்சல் இருந்தது. செய்தியாளர்கள் கிளீவ்லேண்ட் நகரின் ஒரு மருத்துவமனைத் தளத்தில் ஒரு டாக்டரின் பக்கத்துக்குப் போய், ஆன்லைனில் நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தினார்கள். பொத்தானின் மேல் இருந்த எழுத்துகள், டாக்டரின் பெயர், அவரைக் கண்டுபிடிக்கத் தேடலில் தட்டிய சொற்கள் எல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போயின. தேடிய சொற்கள் கருக்கலைப்பைக் குறிப்பவை. இன்னொரு மருத்துவமனையில், நோயைத் தேர்வு செய்யும் பட்டியலில் அல்சைமர் என்று குறித்ததும் போனது.

செய்தி வெளியானது ஜூன் மாத நடுவில். அதே மாதம் 24-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நிலைநாட்டியிருந்த ‘ரோ’ தீர்ப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் அடுத்தடுத்து நடைமுறைக்கு வந்தன. டேக் சேர்த்தபோது அது வெறும் விற்பனைக் கணக்கு. சட்டம் மாறிய மறுநாள் அதே பதிவு ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியாகும் தகுதியைப் பெற்றுவிட்டது. தகவல் ஒருமுறை வெளியே போனால், அது போன காலத்தின் சட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு இருப்பதில்லை. டேக்குகளைப் பற்றிக் கவலைப்பட இதைவிட வலுவான காரணம் இருக்க முடியாது.

அதன் பிறகு அமெரிக்க மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் தளங்களைத் துழாவத் தொடங்கின. ‘அட்வகேட் அரோரா’ என்ற மருத்துவமனைக் குழுமம் 2022 அக்டோபரில் 30 லட்சம் நோயாளிகளுக்கு அறிவிப்பு கொடுத்தது. ‘கைசர்’ குழுமம் 2024 ஏப்ரலில் 1.34 கோடி பேரின் தகவல் தன் தளத்திலும் செயலியிலும் இருந்த கருவிகள் வழியாகக் கூகுள், மைக்ரோசாஃப்ட், எக்ஸ் ஆகிய நிறுவனங்களுக்குப் போயிருக்கலாம் என்றது. ‘போயிருக்கலாம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு பெரிய நிறுவனத்தாலும், எந்த நோயாளியின் எந்த விவரம் போனது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதுதான் இத்தனை ஆண்டும் நடந்தது. உடல்நலத் தகவலை அனுப்பாதீர்கள் என்று எங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது என்பது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பதில். நாங்கள் பயன்படுத்தியது எல்லோரும் பயன்படுத்தும் கருவிதானே என்பது செயலிக்காரர்களின் பதில். 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நடுவர் குழு இதற்கு வேறு விடை சொன்னது. ஃப்ளோ பயனர்கள் தொடுத்த கூட்டு வழக்கில், சம்மதமில்லாமல் அவர்களுடைய தகவலை ஒட்டுக்கேட்டதாகக் கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் மெட்டாவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கதவைத் திறந்து வைத்தவரும் உள்ளே வந்ததை எடுத்துக்கொண்டவரும் சேர்ந்தே பொறுப்பு என்பது சரியான நிலைப்பாடு. ஒருவரை மட்டும் தண்டித்தால் மற்றவர் மாறப்போவதில்லை.

இந்தியாவுக்கு இதில் பாடம் படிக்க நேரம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது செல்லும் என்கிறது சட்டம். சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: தொலை மருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காகவும் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களுக்காகவும் சேர்த்துச் சம்மதம் வாங்குகிறது, பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அவர் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். இதே தர்க்கத்தை டேக்குக்குப் பொருத்திப் பார்க்கலாம். டாக்டரிடம் நேரம் குறிக்க விளம்பர நிறுவனத்துக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய தேவை என்ன?

வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தோம் என்ற சாக்கையும் சட்டம் ஏற்காது. தளத்தின் சார்பில் யார் தகவலைக் கையாண்டாலும் தளத்தை நடத்துபவரே பொறுப்பு. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. எந்தெந்தத் தகவல், எந்தெந்த நோக்கத்துக்கு என்று இனம்பிரித்துச் சொல்ல வேண்டும் என்கின்றன விதிகள். இதை உண்மையாக நிறைவேற்ற வேண்டுமென்றால், ‘சேவையை மேம்படுத்த’ என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. ‘நீங்கள் தேடும் நோயின் பெயரை இன்ன விளம்பர நிறுவனத்துக்கு அனுப்புகிறோம்’ என்று தமிழில் எழுத வேண்டிவரும். அப்படி எழுதக் கூச்சப்படும் நிறுவனம் அந்த டேக்கை எடுத்துவிடட்டும். அதுதான் அந்த விதியால் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை.

சட்டத்தில் குறையும் இருக்கிறது. உடல்நலம், பணம் போன்ற விவரங்களை நுண்ணுணர்வுத் தகவல் என்று 2011-ம் ஆண்டு விதிகள் தனியாகப் பிரித்திருந்தன. புதிய சட்டம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. செருப்பு வாங்கிய விவரமும் எச்ஐவி பரிசோதனைக்குப் பதிவு செய்த விவரமும் அதன் பார்வையில் ஒரே வகைத் தகவல். இந்தச் சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தன் உத்தரவுகளிலாவது இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் உறுதியாகப் பேசுகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. ஆனால், கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் விதிகளில் விலக்கு உண்டு. இந்த விலக்கு எவ்வளவு எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமானவை குழந்தைகளின் உரிமையை மீறும் அல்லது மீறக்கூடிய வகையில் தகவலைக் கையாண்டதாக அது சொன்னது. மத்திய அரசின் ‘தீக்ஷா’ செயலியும் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. பள்ளி மூடிக்கிடந்த நாட்களில் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பாடம் வேண்டுமானால் செயலியைத் திறந்தாக வேண்டும். அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பெரும்பாலும் ஒழுங்கு சார்ந்தவை. தளத்திலும் செயலியிலும் உள்ள ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு பதிவேடு வேண்டும். யார் சேர்த்தார், எதற்காக, எங்கே போகிறது, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். எடுக்கும் தேதி குறிக்காமல் விட்டால், பிரசாரம் முடிந்து ஆண்டுகளான பின்னும், சேர்த்தவர் வேலையை விட்டுப் போன பின்னும் அது தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும். நோய், கடன், குழந்தை, சாதி, மதம் சம்பந்தப்பட்ட பக்கங்களில் வெளி விளம்பர நிறுவனங்களின் டேக் இருக்கவே கூடாது. எண்ணிக்கை வேண்டுமானால் சொந்த சர்வரில் எடுத்துக்கொள்ளலாம். பெயர் வைக்கும்போது திரையின் எண்ணை வைக்கலாமே தவிர, திரையில் நடந்ததை வைக்கக் கூடாது. ‘பப்ளிஷ்’ பொத்தானை அழுத்தும் அதிகாரம் இருவரின் ஒப்புதலுக்குப் பிறகே கிடைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் விற்பனைப் பிரிவைச் சேராதவராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வாடிக்கையாளர்போலச் செயலியைப் பயன்படுத்தி, அதிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தகவலையும் திறந்து படிக்க வேண்டும். மார்க்அப் செய்தியாளர்கள் செய்தது அவ்வளவுதான். வெளியிலிருந்த அவர்களால் முடிந்தது, உள்ளே இருப்பவர்களால் முடியாதா?

இதையெல்லாம் நிறுவனங்கள் தாமாகச் செய்யும் வரை பொதுமக்கள் காத்திருக்கத் தேவையில்லை. புதிய சட்டத்தின் 11-வது பிரிவு, சம்மதம் கொடுத்து ஒரு சேவையைப் பயன்படுத்துபவருக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமையைத் தருகிறது. என்னுடைய எந்தத் தகவலை, எந்தெந்த நிறுவனங்களிடம் பகிர்ந்திருக்கிறீர்கள், பெயரோடு சொல்லுங்கள் என்று அவர் கேட்கலாம். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும்போது, ஒவ்வொரு மருத்துவமனையும் வங்கியும் பயிற்சி மையமும் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வரும். டேக்குகளின் பதிவேட்டை இன்றே எழுதத் தொடங்காத நிறுவனத்தின் கையில் அன்று கொடுக்கப் பதில் இருக்காது.